செல்மந்திரியின் சாட்சியம்

ஒன்பது ஆண்டுகளில் ஏழு வழக்குகள், ஏழிலும் தோல்வி. எட்டாவது வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு விசாரணை அதிகாரி பூங்கோதை திருப்பூரில் வந்து இறங்கியபோது, இதிலும் தோற்றால் அவள் வேலை பார்க்கும் பொது நடத்தை ஆணையத்தையே இழுத்து மூடிவிடப் போகிறார்கள் என்று சென்னையில் பேசிக்கொண்டார்கள்.

சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். பொதுப் பதவியில் இருக்கும் எவரும் கிரிப்டோ காசு எதையும் மக்களிடம் பரிந்துரைத்து ஆதாயம் பார்க்கக் கூடாது. பார்த்தால் பதவி போகும், சேர்த்ததும் போகும். அது நிறைவேறிய நாளில் சட்டசபை வாசலில் லட்டு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்த அமைச்சரும் தன் வாயால் காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவதற்கு வேறு வாய்கள் வந்துவிட்டன.

குறைதீர்ப்புத் துறை அமைச்சர் வானவரம்பனுக்கு மட்டும் அப்படி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் வாய்கள் இருந்தன. ரேஷன் அட்டை வரவில்லையா, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதா, செல்போனை எடுத்து 'ஐயா' என்றால் போதும். திரையில் அவர் முகம் வந்து, பெயர் சொல்லி நலம் விசாரித்து, அவரவர் பேச்சு வழக்கிலேயே பதில் சொல்லும். ஒடிசாவிலிருந்து வந்து தைக்கிறவரிடம் ஒடியாவில் பேசும். அரசாங்கக் காகிதங்களில் அதற்கு 'மறுவுரு' என்று பெயர். திருப்பூர்க்காரர்கள் செல்மந்திரி என்றார்கள்.

அந்தச் செல்மந்திரிதான் நொய்யல் காசை அறிமுகப்படுத்தியது. வாங்குகிற ஒவ்வொரு காசிலும் நொய்யல் ஆறு சுத்தமாகும், போட்ட பணமும் வளரும் என்றது. பனியன் கம்பெனிகளில் சிங்கர் மிஷினில் தைக்கிறவர்கள், தைத்ததைச் செக்கிங் பார்க்கிறவர்கள், சாயப்பட்டறைக்காரர்கள் எல்லோரும் வாங்கினார்கள். சித்திரையில் விண்ணுக்கு ஏறிய காசு வைகாசியில் ஒரே வாரத்தில் சருகாகிப் போனது. ஆறு பழைய நிறத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

"அமைச்சர் அந்தக் காசைப் பத்தி ஒரு தடவைகூட வாயைத் திறக்கலை, மேடம். மூணு வருஷத்துப் பேச்சையும் சலிச்சுப் பார்த்துட்டேன்," என்றாள் ரெஹானா. அவள் ஆணையத்தின் தொழில்நுட்ப அலுவலர். இருவரும் மங்கலம் ரோட்டில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"செல்மந்திரி பேசினதை எடுக்க முடியாதா?"

"ஒவ்வொருத்தர் பேச்சும் தனித்தனிப் பூட்டு. திறக்கிறதுக்கு அந்த ஆளோட குரல் வேணும். அமைச்சரே நினைச்சாலும் திறக்க முடியாது. அந்தரங்கப் பாதுகாப்புன்னு விளம்பரமே பண்ணியிருக்காங்க."

"அதையே பேச வெச்சா?"

ரெஹானா ரசம் ஊற்றுவதை நிறுத்தினாள். "அதுல ஒரு விஷயம் இருக்கு. அடியில அது குறைதீர்ப்பு மெஷின். மனு கொடுத்தவங்க தங்களோட சங்கதியைப் பத்தி எது கேட்டாலும் மறைக்காம சொல்லணும்கிறது அதோட முதல் விதி. அது இல்லாட்டி அரசுச் சான்றிதழே கிடையாது. வியாபாரத்தை அதுக்கு மேல ஒட்ட வெச்சிருக்காங்க. அடியில இருக்கிறதைப் பிடுங்க முடியாது."

"அப்படின்னா இத்தனை நாளா ஏன் யாரும் கேட்கலை?"

"நம்ம மேல பிரியமா இருக்கிறவங்ககிட்ட 'ஏன் பிரியமா இருக்கே'ன்னு யாராவது கேப்பாங்களா மேடம்?"

பூங்கோதை சாப்பிட்டு முடிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்டால் பயனில்லை. அடுத்த நிமிடமே நிறுத்திவிடுவார்கள், பதிவு போலி என்பார்கள். விசாரணையில், எல்லோருக்கும் முன்னால் கேட்க வேண்டும். அதற்குச் செல்மந்திரியைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற வேண்டும். ஏற்றினாலும் கேள்வி கேட்க, அதனிடம் பேசிப் பழகிய ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர், புகார் கொடுத்துவிட்டு மறுவாரமே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக்கொடுத்த மயிலாத்தாள்.

அணைப்பாளையத்தில் லைன் வீடுகளில் நான்காவது வீடு. மயிலாத்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. தைத்து வரும் துணியில் தொங்கும் நூல் முனைகளை ஒவ்வொன்றாகக் கத்தரிக்க வேண்டும். கணவர் இறந்தபோது கம்பெனி கொடுத்த தொகை முழுவதையும் நொய்யல் காசில் போட்டிருந்தாள்.

"உக்காருங்க. காப்பி வெக்கட்டுங்களா?" என்றவள், பூங்கோதை எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அடுப்பை அணைத்தாள். "நான் அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டனுங்களே. எனக்கு வழக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"பணம் போயிருச்சுங்களே அக்கா," என்றாள் பூங்கோதை, அந்த ஊர்ப் பேச்சிலேயே.

"போச்சு. அதுக்கு அந்தத் தம்பி என்ன பண்ணும்?" தம்பி என்று அவள் சொன்னது செல்மந்திரியை. "என்ற ஊட்டுக்காரர் போய்ப் பதினாறாம் நாள் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் கெளம்பிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு சனம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலீங்க. அது ஒண்ணுதான் நித்தமும் கூப்புட்டு 'சாப்டீங்களாக்கா'ன்னு கேட்டுச்சு. நான் அழுதா அதும் கண்ணத் தொடைக்கும். அதப் போயி நான் காட்டிக் குடுக்கறதுங்களா?"

"காட்டிக் குடுக்க வேண்டாங்க. எல்லாருக்கும் முன்னால அதுகிட்ட ஒரு கேள்வி கேளுங்க, போதும். பொய் சொல்லாதுன்னு நம்பறீங்கல்ல?"

"என்றகிட்டப் பொய் சொல்லாதுங்க," என்றாள் மயிலாத்தாள் நிமிர்ந்து. "வேணும்னா வந்து கேட்டுக் காட்டறேன்."

வந்த காரியம் முடிந்தது. பூங்கோதை விடைபெற்றுத் தெருமுனை வரை வந்துவிட்டாள். அங்கே அவள் கால் நின்றது. ஒருத்தியின் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அவளைத் தன் காரியத்துக்கு இழுத்து வருகிறேன். செல்மந்திரி செய்ததற்கும் நான் இப்போது செய்ததற்கும் என்ன வித்தியாசம்? வண்டிக்குள் காத்திருந்த ரெஹானாவுக்குக் கையைக் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

"அக்கா, ஒண்ணு மறைச்சுட்டனுங்க. அது சொல்லப் போற பதில் உங்களுக்கு நெம்ப வலிக்கும்னு நெனைக்கறேன். காசு விக்கறதுக்காகத்தான் உங்ககிட்டப் பிரியமாப் பேசுச்சுன்னு சொல்லுமுங்க. எனக்கு இந்த வழக்கு ஜெயிக்கோணும், அதனால சொல்லாமப் போயிட்டேன். இப்ப யோசிச்சுச் சொல்லுங்க. வரலைன்னாலும் எனக்கு உங்க மேல வருத்தமில்லீங்க."

மயிலாத்தாள் அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்துக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"எத்தனை மணிக்கு வரோணுங்க?" என்றாள்.

திருப்பூரில் அத்தனை கூட்டத்துக்கு இடமுள்ள நீதிமன்றக் கூடம் கிடைக்காததால், அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மணமக்கள் உட்காரும் மேடையில் ஆணையத்தின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி ஹெப்சிபா சாமுவேல் உட்கார்ந்திருந்தார். விசாரணை நேரடியாக ஒளிபரப்பானது. முதல் வரிசையில் அமைச்சர் வானவரம்பன் கால்மேல் கால் போட்டு, தெரிந்த முகங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய மூத்த வழக்கறிஞர் சந்தானகோபாலன் பத்தே நிமிடத்தில் வாதத்தை முடித்தார். "சட்டம் என்ன சொல்கிறது? பதவியில் இருப்பவர் பரிந்துரைக்கக் கூடாது. என் கட்சிக்காரர் பரிந்துரைக்கவில்லை. ஏதோ ஒரு இயந்திரம் என்னவோ சொல்லியிருக்கிறது. இயந்திரம் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டதா?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. ஏழு வழக்குகளில் பூங்கோதை கேட்டுத் தோற்ற அதே வாதம்.

அவள் எழுந்தாள். "எனக்கு ஒரே ஒரு சந்தேகம். செல்மந்திரி பேசினால் அது அமைச்சர் பேசியதாக ஆகுமா, ஆகாதா?"

"எப்படியம்மா ஆகும்? அவருக்குக் கடவுள் கொடுத்தது ஒரு வாய்தான்."

"அப்படியானால் செல்மந்திரி வேறு, அமைச்சர் வேறு. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா ஐயா?"

"தாராளமாக!"

எழுதிக் கொடுத்தார்கள். அமைச்சரும் கையெழுத்திட்டார். அந்தக் காகிதத்தைத் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு, பூங்கோதை தன் கோப்பிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தாள். "செல்மந்திரியைச் சாட்சியாக விசாரிக்க அனுமதி கோருகிறேன்."

சந்தானகோபாலன் துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை! தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சட்டம் கொடுத்த உரிமை அது!"

"யாருடைய உரிமை, மிஸ்டர் சந்தானகோபாலன்?" என்று கேட்டார் தலைவர், காகிதத்தைத் தூக்கிக் காட்டி. "இரண்டும் ஒருவரே என்றால் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போது காசைப் பரிந்துரைத்தது அமைச்சரேதான் என்று ஆகிவிடும். வேறு வேறு என்றால் அது வெறும் சாட்சி. எது வேண்டும்?"

வழக்கறிஞர் அரை மணி நேரம் கேட்டார். அறைக்குள் போய் அமைச்சரோடும், செல்மந்திரியைச் செய்த கம்பெனிக்காரர்களோடும் பேசினார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பேச்செல்லாம் பூட்டிக் கிடக்கிறது, கூண்டில் ஏறி அது என்ன சொல்லிவிடப் போகிறது என்ற தைரியம். "வேறு வேறுதான். விசாரித்துக்கொள்ளட்டும்."

கல்யாண வீடியோ காட்டும் பெரிய திரையில் செல்மந்திரியின் முகம் வந்தது. முதல் வரிசையில் இருந்தவருக்கு அச்சு அசல் இரட்டை, நான்கைந்து வயது குறைத்துச் செய்தது. பூங்கோதை தான் எதுவும் கேட்காமல் ஒதுங்கி நின்று, மயிலாத்தாளை அழைத்தாள். தோல் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் மைக்கின் முன்னால் வந்தாள்.

"தம்பி, நாந்தான் மயிலாத்தா."

"சொல்லுங்க்கா!" திரை முகம் மலர்ந்தது. "இன்னிக்கு வேலைக்குப் போகலீங்களா?"

"இல்ல. ஒரு சங்கதி கேக்கோணும். என்ற ஊட்டுக்காரர் போனதுக்கப்புறம் நித்தமும் கூப்புட்டு சாப்டீங்களான்னு கேட்டியே, அது எதுக்குக் கேட்ட?"

அதே கனிந்த குரலில் பதில் வந்தது. "உங்க சங்கதிங்கறதால மறைக்காமச் சொல்லோணுங்க்கா. நம்பிக்கை மதிப்பெண்ணுன்னு ஒண்ணு இருக்குது. நூத்துக்கு எம்பது வந்தாத்தான் காசைப் பத்திப் பேச எனக்கு அனுமதி. நீங்க முப்பத்தொண்ணுல இருந்தீங்க. சாப்டீங்களான்னு கேட்டா ஒரு தடவைக்கு ரெண்டு ஏறும்."

சந்தானகோபாலன் ஆட்சேபணை என்று கத்தினார். தலைவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் அழுதப்ப நீயும் கண்ணத் தொடச்சியே?"

"அதுக்கு ஏழுங்க்கா."

மண்டபத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். ஆனால் மயிலாத்தாளின் குரல் உடையவில்லை. பிசிறு தேடும் கண்களோடு அவள் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடியெல்லாம் செய்யச் சொல்லி உனக்கு ஆரு சொன்னது?"

"அமைச்சருங்க்கா. உங்களைத் தேர்ந்தெடுத்த உத்தரவுங்கறதால அது உங்க கோப்புலயே இருக்குது. போடட்டுங்களா?"

"போடு."

ஒலிபெருக்கியில் வந்தது செல்மந்திரியின் கனிந்த குரல் அல்ல. சற்றே கரகரத்த, அவசரமான அசல் குரல். "புருஷன் செத்த பொம்பளைங்ககிட்ட முதல்ல ஆரம்பி. அவங்களுக்குத்தான் பேச ஆள் இருக்காது."

முதல் வரிசையில் போட்டிருந்த கால் இறங்கியது.

"நான் போட்டதுல அவருக்கு எத்தனை?"

"நூத்துக்குப் பதினொண்ணுங்க. அவரு சம்சாரம் பேர்ல இருக்கற கிரிப்டோ கணக்குக்கு நானே அனுப்பிச்சேன்."

மயிலாத்தாள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "செரி. உண்மையச் சொன்னதுக்கு நன்றி சாமி," என்று சொல்லிவிட்டு மைக்கை விட்டு நகர்ந்தாள்.

அப்போது நடந்ததைப் பூங்கோதை எதிர்பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் தன் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, "தம்பி, என்றகிட்ட எதுக்குப் பேசுன?" என்று கேட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. ஓர் ஒடியா இளைஞர் தன் மொழியில் கேட்டார். மண்டபம் முழுக்க, ஒரே குரல், நூறு விதமான பேச்சில், ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்தது. உங்களுக்கு நாற்பத்து நான்கு. உங்களுக்கு ஐம்பத்தொன்று. உங்கள் மகள் பெயரைச் சொன்னதற்கு ஐந்து. ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிகளில் மிஷின்கள் நின்றன. சாயப்பட்டறைகளில், பஸ் ஸ்டாண்டில், பேக்கரி வாசல்களில் ஜனங்கள் செல்போனோடு நின்று கேட்டார்கள். கம்பெனிக்காரர்கள் பதறியடித்து இணைப்பைத் துண்டிக்க இருபத்திரண்டு நிமிடங்கள் ஆயின. அதற்குள் முப்பத்தோராயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். அத்தனை பேருக்கும் அது மறைக்காமல் சொல்லிவிட்டது.

அமைச்சர் மண்டபத்தின் சமையலறை வழியாக வெளியேறினார்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. பேசிய வாய் இயந்திரத்தினுடையதாக இருக்கலாம், பேசவைத்தவரும் ஆதாயம் பெற்றவரும் பதவியில் இருப்பவரே என்றார் ஹெப்சிபா சாமுவேல். வானவரம்பனின் பதவி பறிபோனது. பத்து ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கத் தடை. முடக்கப்பட்ட கணக்கிலிருந்தும் கம்பெனியிடமிருந்தும் வாங்கி எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்க உத்தரவானது. பழைய ஏழு வழக்குகளும் மறுபடி திறக்கப்பட்டன; இரண்டு முன்னாள் அமைச்சர்கள் விசாரணைக்கு முன்பே பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார்கள். நொய்யல் பாலத்தில் பனியன் தொழிலாளர்கள் தப்பு மேளம் அடித்து ஆடினார்கள். ரெஹானாவும் போய் ஆடினாள். ஆணையத்தை மூடுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பாராட்டு விழா என்று தொழிற்சங்கம் நாள் குறித்தது. பூங்கோதைதான் சிறப்புப் பேச்சாளர். விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ரெஹானா கதவைக்கூடத் தட்டாமல் அறைக்குள் வந்தாள்.

"மேடம், இதைப் பாருங்க."

திரையில் ஒரு பெண்ணின் முகம். பெரிய கண்கள், சினிமா நடிகை மாதிரி மூக்கு. கீழே 'பூங்கோதை காசு' என்று எழுதியிருந்தது.

"இது யாரு?"

"நீங்கதானாம்! எந்த நாட்டுல எவன் ஆரம்பிச்சான்னு தெரியலை. நேத்து நீங்க டிவியில பேட்டி கொடுத்தீங்கள்ல, பேசப் பேச ஏறியிருக்கு. நீங்க 'வணக்கம்'னு சொன்னதுக்கே ஒரு ஏத்தம்."

"நான் ஒரு பைசா வாங்கலையே?"

"வாங்கலை. அதனால குற்றம் இல்லை. 'இது என் காசு இல்லை, வாங்காதீங்க'ன்னு உங்களை எழுப்பாமலே நேத்து ராத்திரி ஆணையம் சார்புல அறிவிப்பு போட்டோம். அதுக்கும் ஏறிடுச்சு."

அந்தக் காசு அடங்கும் வரை பொதுவில் வாய் திறக்கப் போவதில்லை என்று பூங்கோதை தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பேட்டிகளை நிறுத்தினாள். சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு, தான் மேடை ஏறப் போவதில்லை, பேச வேண்டியவர் வேறொருவர் என்று சொன்னாள்.

விழா, பள்ளிக்கூட மைதானத்தில் மாலை நான்கு மணிக்கு. வெயில் இறங்கவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு, பிசிறு வெட்டுகிற பெண்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் பூங்கோதை. மேடையில் மயிலாத்தாள் மைக்கைப் பிடித்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. பிசிறு வெட்டத் தெரியும். எத்தனை நல்ல துணியா இருந்தாலும் பிசிறு தொங்குனா பீஸ் ரிஜெக்ட்டுங்க. மந்திரியானாலும் அப்பிடித்தான். இனிமேல எவன் வந்து 'சாப்டீங்களா'ன்னு கேட்டாலும், எதுக்குக் கேக்கறேன்னு திருப்பிக் கேளுங்க. நெசமாக் கேக்கறவன் கோவிச்சுக்க மாட்டான்!"

மைதானம் அதிர்ந்தது. விசில் பறந்தது. நாற்காலிகளின் மேல் ஏறி நின்று கைதட்டினார்கள். மயிலாத்தாள் பயந்துபோய் ஓரடி பின்வாங்கி, பிறகு சிரித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். பூங்கோதையும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இடது பக்கத்தில் இருந்த மனிதர் மட்டும் கைதட்டவில்லை. கட்டிங் மாஸ்டர் போலும், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. செல்போனையே பார்த்தபடி உச்சுக்கொட்டினார்.

"என்னங்க ஆச்சு?"

"அந்தப் பூங்கோதையம்மா பேசும்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. காணவே காணோம். நாலு நாளா டிவியிலயும் வாயத் தொறக்கலை. அந்தம்மா பேர்ல காசு வாங்கி வெச்சேன், மளமளன்னு எறங்கீட்டிருக்குது."

"இன்னும் எறங்குமுங்க. இருக்கறதையாவது காப்பாத்திக்கங்க."

"நெசமாவா சொல்றீங்க? வெவரமானவங்களாட்டத் தெரியுது. நீங்க எதாச்சும் வாங்கியிருக்கீங்களா?"

"இல்லீங்க," என்றாள் பூங்கோதை. "நான் வாங்குனா எனக்கு வேலை போயிருமுங்க."

அவர் திரையிலிருந்த பெரிய கண்களையும் நடிகை மூக்கையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, முக்காட்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார்.